இருபது பவுன் ஆட்டக்காரர்

1972-ம் வருஷம் செப்டம்பர் 16-ந் தேதி, சனிக்கிழமை மாலை. லண்டனில் ஹைபரி மைதானத்தில் ஆர்ஸெனல் கோஷ்டிக்கும் லிவர்பூல் கோஷ்டிக்கும் பந்தயம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, கோட்டோரம் கொடி பிடித்து ஓடிக்கொண்டிருந்த துணை நடுவருக்குக் காலில் தசை பிசகிக்கொண்டது. அவர் இடத்துக்கு இன்னொருவர் கிடைக்காவிட்டால் பந்தயத்தை நிறுத்திவிட வேண்டியதுதான். கூட்டத்தில் நடுவர் பரீட்சை தேறியவர் யாராவது உண்டா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். பார்வையாளர் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். மோவாய் சற்று அதிகப்படியாகவே நீண்ட முகம்; அதற்கு மேல் ஒரு தாடி. யாரிடமோ உடுப்பு வாங்கி மாட்டிக்கொண்டு, கொடியைக் கையில் பிடித்து, கோட்டோரம் ஓட ஆரம்பித்துவிட்டார். கூட்டம் ஆரவாரம் செய்தது. காரணம், அவரைத் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. டெலிவிஷனில் கால்பந்துக்கு வியாக்கியானம் சொல்லும் ஜிம்மி ஹில் அவர். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்ததைப் பற்றி இப்போது யாருக்கும் அக்கறை இல்லை; ஜிம்மி ஹில் கொடி பிடித்ததைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

ஆட்டக்காரர், ஆட்டக்காரர் சங்கத் தலைவர், மானேஜர், டெலிவிஷன் நிபுணர், கிளப்பின் நிர்வாக டைரக்டர், பிறகு சேர்மன் என்று அந்த விளையாட்டில் அவர் உட்காராத நாற்காலி இல்லை. இப்படி ஒரு பாத்திரத்தை நான் தொடர்கதையில் கொண்டுவந்திருந்தால் பத்திரிகாசிரியர், “ஸார், ஒரு மனுஷனுக்கு ஒரு உத்தியோகம் போதாதா?” என்று கேட்டிருப்பார். வாழ்க்கைக்கு அந்தமாதிரி ஆசிரியர்கள் இல்லை.

ஜிம்மி ஹில் 1928-ல் தெற்கு லண்டனில் பாலம் என்ற பகுதியில் பிறந்தவர். வசதியான குடும்பம் அல்ல. புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழிலைக்கூடக் கொஞ்ச காலம் பழகியிருக்கிறார். 1949-ல் பிரென்ட்ஃபோர்டு கிளப்பில் சேர்ந்து, 1952-ல் அங்கிருந்து ஃபுல்ஹாமுக்குப் போனார். மகா கெட்டிக்கார ஆட்டக்காரர் என்று அவரை யாரும் சொன்னதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை. சளைக்காமல் ஓடுவார், சளைக்காமல் பேசுவார். 1958-ல் டான்காஸ்டர் கோஷ்டியை அதன் சொந்த மைதானத்திலேயே எதிர்த்து ஒரே பந்தயத்தில் ஐந்து கோல் போட்டார். அதே வருஷம் ஃபுல்ஹாம் எஃப். ஏ. கோப்பையின் அரையிறுதிவரை போய், மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றது. மியூனிக் விமான விபத்தில் தன் இளம் ஆட்டக்காரர்களைப் பறிகொடுத்துவிட்டு, எஞ்சியவர்களைச் சேர்த்துக்கொண்டு வந்த மான்செஸ்டர் அது. அவர்களிடம் தோற்றதற்காக ஃபுல்ஹாம்காரர்களைத் தவிர வேறு யாரும் வருத்தப்பட்டிருக்கமாட்டார்கள்.

ஆட்டக்காரராக இதோடு அவர் கதை முடிந்திருந்தால் நாம் இங்கே பேச ஒன்றும் இருந்திராது. அவர் வேறொரு விஷயத்தில் தலையிட்டார். அது சம்பள விஷயம்.

இங்கிலாந்தில் கால்பந்து என்பது வெகுகாலமாகவே பணம் புழங்கும் வியாபாரம். உலக யுத்தம் முடிந்ததும் ஜனங்கள் மைதானங்களில் வந்து குவிந்தார்கள். 1948-49 பருவத்தில் மட்டும் லீக் பந்தயங்களுக்கு வந்தவர்களின் தொகை 4 கோடிக்கு மேல். கதவோரம் சில்லறையாய் வசூலான அந்தப் பணமெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஆட்டக்காரர் கைக்குப் போகவில்லை என்பது மட்டும் நிச்சயம். ஏனென்றால் 1901-லேயே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள்: எவ்வளவு பெரிய சூரனானாலும் வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் சம்பளம் கிடையாது. அந்தத் தொகை வருஷக்கணக்கில் நத்தையாய் ஊர்ந்து ஊர்ந்து, 1958-ல் 20 பவுனில் வந்து நின்றது. அதுவும் பந்தய காலத்தில்தான். கோடை மாதங்களில் 17. அப்போது ஒரு சாதாரணத் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வாரம் சுமார் 15 பவுன் கிடைத்தது. அவன் அறுபது வயதுவரை வேலை செய்வான். ஆட்டக்காரனோ முப்பத்தைந்தில் வீட்டுக்குப் போகவேண்டும், பெரும்பாலும் முழங்கால் கெட்டு.

சம்பளத்தைவிட மோசமான இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. ஒப்பந்த காலம் முடிந்தாலும் ஆட்டக்காரன் வேறு கிளப்புக்குப் போகமுடியாது. பழைய கிளப் “இவனை வைத்துக்கொள்கிறோம்” என்று ஒரு ஜாபிதாவில் பெயரைச் சேர்த்துவிட்டால் போதும். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தால் சம்பளமும் இல்லை, விடுதலையும் இல்லை. பண்ணையாளுக்கும் ஆட்டக்காரனுக்கும் உள்ள வித்தியாசம், ஆட்டக்காரனைச் சனிக்கிழமைதோறும் கைதட்டிப் பாராட்டினார்கள் என்பதுதான்.

1957-ல் ஜிம்மி ஹில் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவரானார். ‘யூனியன்’ என்ற பெயரே நாலு பேருக்குத் தொழிற்சாலை வாசலை நினைவூட்டுகிறது என்று, மறு வருஷம் அதற்கு ‘தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர் சங்கம்’ என்ற கௌரவமான பெயர் வைத்தார்கள். கணக்கு வழக்கு, சட்ட நுணுக்கம் எல்லாவற்றுக்கும் காரியதரிசி கிளிஃப் லாய்டு பொறுப்பு. ஊர் ஊராய்ப் போய் ஆட்டக்காரர்களைத் திரட்டுவதும், பத்திரிகைக்காரர்களை வைத்துக்கொண்டு பேசுவதும் ஹில்லின் பொறுப்பு. இரண்டாவது காரியத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கிளப் முதலாளிகளும் லீக் அதிகாரிகளும், கேள்வி கேட்ட தொழிலாளிகளையே அதுவரை பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு கேள்வியையும் அன்று மாலைப் பத்திரிகைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற தொழிலாளியை அப்போதுதான் பார்த்தார்கள்.

வேலைநிறுத்தத்துக்குத் தயாரா என்று கேட்டு லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் மான்செஸ்டரிலும் ஆட்டக்காரர் கூட்டங்கள் நடந்தன. மான்செஸ்டர் கூட்டத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. அங்கே இருந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஓர் இளம் ஆட்டக்காரன் எழுந்து, தன் தகப்பனார் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்கிறார் என்றும், அவருக்குக் கிடைப்பதைவிடத் தனக்கு அதிகம் கிடைக்கிறது என்றும், ஆகவே இந்தக் கிளர்ச்சி நியாயமாகப் படவில்லை என்றும் சொன்னான். சபை மௌனமாகிவிட்டது. அந்தப் பையனின் மனசாட்சியைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அப்போது போல்டன் கிளப்பின் பின்வரிசை ஆட்டக்காரர் டாமி பாங்க்ஸ் எழுந்தார். அவரும் லங்காஷயர் மண்ணிலே பிறந்து, அந்தக் கொச்சையிலே பேசுகிறவர். தம்பி, உன் அப்பாவின் வேலையை நான் செய்கிறேன். சனிக்கிழமை நிறைந்த மைதானத்தில் ஸ்டான்லி மாத்யூஸை மறிக்க அவரால் முடியுமா, கேட்டுச் சொல் என்ற பொருள்படப் பேசி உட்கார்ந்தார். சபை கொல்லென்று சிரித்தது. தீர்மானம் நிறைவேறியது.

நான் இந்தக் கதையைப் படித்தபோது சிரித்தேன். பிறகு அந்தப் பையனை நினைத்துக்கொண்டேன். அவன் கேட்டது அசட்டுக் கேள்வி அல்ல. முதலாளிகளும் அதே கேள்வியை வேறு உடுப்பில் கேட்டார்கள்: சம்பளத்துக்கு உச்சவரம்பு போய்விட்டால் பணக்காரக் கிளப்புகள் எல்லா ஆட்டக்காரர்களையும் வளைத்துப் போட்டுக்கொள்ளுமே, சின்ன ஊர்க் கிளப்புகள் என்ன ஆகும் என்று. சுயநலத்தோடு சொன்ன வாதமானாலும் அதில் உண்மை இருந்தது. 1960-ல் இங்கிலாந்தின் சாம்பியன் பர்ன்லி என்ற சின்ன மில் ஊர். அப்படி ஓர் ஊர் இன்று சாம்பியனாகும் என்று யாரும் பந்தயம் கட்டமாட்டார்கள். ஆனால் சின்ன ஊர்க் கிளப்பைக் காப்பாற்றும் செலவை ஆட்டக்காரன் தன் முழங்காலிலிருந்து எதற்காகக் கொடுக்கவேண்டும்? இதற்கு முதலாளிகளிடம் பதில் இல்லை.

1961 ஜனவரி 21-ந் தேதி வேலைநிறுத்தம் என்று நாள் குறித்தார்கள். மூன்று நாள் முன்னதாக, 18-ந் தேதி, தொழில் மந்திரி காரியாலயத்தில் லீக் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். அறுபது வருஷத்து உச்சவரம்பு அன்றோடு ஒழிந்தது. ஃபுல்ஹாம் கிளப்பின் சேர்மன் டாமி டிரின்டர் ஒரு ஹாஸ்ய நடிகர். சட்டம் மட்டும் இடம் கொடுத்தால் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுன் கொடுப்பேன் என்று முன்பே வாய்விட்டிருந்தார். சட்டம் இடம் கொடுத்துவிட்டது. ஹாஸ்ய நடிகர் வாக்கைக் காப்பாற்றினார். ஹேன்ஸ் ஹில்லோடு சேர்ந்து ஆடிய கூட்டாளி. ஹில்லுக்கு என்ன கிடைத்தது? அவருடைய முழங்கால் அந்த வருஷத்தோடு ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டது. கதவைத் திறந்துவிட்டவர் உள்ளே போகவில்லை.

பண்ணையாள் சட்டம் ஒழிய இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. நியூகாஸில் கிளப்பிலிருந்து விலகக் கேட்ட ஜார்ஜ் ஈஸ்ட்ஹாமைக் கிளப் விடவில்லை. அவர் ஆட்டத்தை விட்டுவிட்டு, எர்னி கிளே என்ற சிநேகிதரிடம் தக்கை விற்கும் உத்தியோகம் பார்த்தார்! 1960 கடைசியில் ஆர்ஸெனலுக்கு விட்டுவிட்டார்கள் என்றாலும், சங்கத்தின் ஆதரவோடு வழக்கு நடந்தது. 1963-ல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் இந்த ஏற்பாடு தொழில் சுதந்திரத்துக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார்.

ஹில் அதற்குள் வேறு ஊரில் இருந்தார். 1961 நவம்பரில் கவன்ட்ரி ஸிட்டி கிளப், லீகிலேயே இல்லாத கிங்ஸ் லின் கோஷ்டியிடம் சொந்த மைதானத்தில் தோற்று அவமானப்பட்டது. மானேஜரை அனுப்பிவிட்டு ஹில்லை அழைத்தார் சேர்மன் டெரிக் ராபின்ஸ். மூன்றாம் டிவிஷனில் கிடந்த கிளப். ஊரோ மோட்டார்த் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். 1940-ல் ஒரே இரவில் ஜெர்மன் குண்டுகளுக்கு நடுநகரத்தையும் புராதன தேவாலயத்தையும் பறிகொடுத்த ஊர். புதிய தேவாலயம் 1962-ல் பிரதிஷ்டை ஆயிற்று. எல்லாமே புதிதாய் எழும்பிக்கொண்டிருந்த அந்த ஊரில் கிளப் மட்டும் பழைய துணி மாதிரி இருந்தது. ஹில் முதலில் துணியைத்தான் மாற்றினார். மேலிருந்து கீழ்வரை வான நீல உடுப்பு. ஈட்டன் பள்ளிப் படகுப் பாட்டின் மெட்டில் கிளப்புக்கு ஒரு பாட்டு. வெளியூர்ப் பந்தயங்களுக்கு அபிமானிகளை ஏற்றிச் செல்ல ‘ஸ்கை ப்ளூ எக்ஸ்பிரஸ்’ என்று தனி ரயில். ஆட்டத்துக்கு முன்னால் வேடிக்கைகள். பிள்ளைகளுக்கு வறுவலும் சோடாவும். மின்சாரத்தில் இயங்கும் ஒரு பெரிய அறிவிப்புப் பலகை. இந்தப் பலகையை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும்.

1965 அக்டோபரில் கவன்ட்ரி கோஷ்டி கார்டிஃபில் ஆடிக்கொண்டிருக்க, கவன்ட்ரி மைதானத்தில் பெரிய திரைகள் கட்டி ஆட்டத்தை அங்கே காட்டினார்கள். பதினாயிரம் பேருக்கு மேல், வெறும் புல்தரையைச் சுற்றி உட்கார்ந்து திரையைப் பார்த்துக் கத்தினார்கள். அந்தக் காலத்தில் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொன்னவர்கள் உண்டு.

வேடிக்கை காட்டியே காலம் தள்ளியிருந்தால் சர்க்கஸ் முதலாளி என்று ஒதுக்கிவிடலாம். கோஷ்டியும் ஜயித்தது. 1964-ல் மூன்றாம் டிவிஷனில் முதலிடம். 1967-ல் இரண்டாம் டிவிஷனில் முதலிடம். அந்த ஏப்ரலில் வுல்வ்ஸ் கோஷ்டியோடு நடந்த பந்தயத்துக்கு 51,455 பேர் வந்தார்கள். அந்த மைதானத்தில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு கூட்டம் கூடவில்லை. ஊரே முதல் டிவிஷனுக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது ஹில் ராஜிநாமாக் கொடுத்தார். அவர் கேட்ட நீண்டகால ஒப்பந்தம் கிடைக்கவில்லை. மலையடிவாரத்திலிருந்து ஜனங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, கோயில் வாசலில் இறக்கிவிட்டு, “நீங்கள் போய்க் கும்பிடுங்கள்” என்று திரும்பியதுபோல் இருந்தது. ஆனாலும் அவர் போட்ட அஸ்திவாரம் உறுதி. கவன்ட்ரி 2001 வரை, 34 பருவங்கள், கீழே இறங்கவே இல்லை.

1968-ல் லண்டன் வீக்கெண்டு டெலிவிஷனில் விளையாட்டுப் பகுதிக்குத் தலைவர் பதவி. அதுவரை டெலிவிஷனில் கால்பந்து என்றால், கோட்டும் டையும் அணிந்த ஒருவர் கோல் எண்ணிக்கையை மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். 1970 மெக்ஸிகோ உலகக் கோப்பையின்போது ஹில்லின் கம்பெனி நாலு பேரைக் கொண்டுவந்து மேஜையைச் சுற்றி உட்கார வைத்தது: மால்கம் அலிஸன், டெரிக் டூகன், பாட் கிரெராண்டு, பாப் மக்நாப். அவர்கள் ஒருவர் வாயை ஒருவர் அடைத்தார்கள். ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லித் திட்டினார்கள். மறுநாள் பால் கொண்டுவருகிறவனிலிருந்து பாங்கு மானேஜர்வரை அதையே பேசினார்கள். இன்று உலகத்தில் எந்த மொழியில் டெலிவிஷனைத் திருப்பினாலும் பந்தயத்துக்கு முன்னும் பின்னும் நாலு பேர் உட்கார்ந்து வாதாடுகிறார்களே, அதற்குப் பிள்ளையார் சுழி அந்த மேஜைதான். நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

1973-ல் பி.பி.ஸி.க்குப் போய், சனிக்கிழமை இரவுக் கால்பந்து நிகழ்ச்சியை அறுநூறு தடவைக்கு மேல் நடத்தினார். படத்தை நிறுத்தி, மெதுவாக ஓட்டி, யார் எங்கே நின்றிருக்கவேண்டும் என்று வாத்தியார் மாதிரி விளக்குவார். வாத்தியாரை எல்லோருக்கும் பிடிக்குமா? 1982-ல் பிரேஸிலுக்கு எதிராக ஸ்காட்லாந்தின் டேவிட் நேரி ஓர் அழகான கோல் போட்டார். அது கால்விரல் நுனியில் பட்டுப் போன பந்து என்கிறமாதிரி ஹில் சொல்லிவைத்தார். பிரேஸில் அந்தப் பந்தயத்தை 4-1 என்று ஜயித்ததை ஸ்காட்லாந்துக்காரர்கள் மன்னித்துவிட்டார்கள். ஹில்லை மன்னிக்கவில்லை.

இதற்கு நடுவே, 1975-ல், நிர்வாக டைரக்டராகக் கவன்ட்ரிக்குத் திரும்பியிருந்தார். வாரநாளில் ஒரு கிளப்பின் முதலாளி. சனிக்கிழமை இரவு எல்லாக் கிளப்புகளுக்கும் நீதிபதி. இந்த ஏற்பாடு எவ்வளவு நாள் நிர்மலமாக இருக்கும்?

1977 மே 19-ந் தேதி. பருவத்தின் கடைசிப் பந்தயங்கள். கவன்ட்ரி, பிரிஸ்டல் ஸிட்டி, ஸண்டர்லாந்து ஆகிய மூன்று கோஷ்டிகளில் ஒன்று கீழ் டிவிஷனுக்குப் போகவேண்டும். கவன்ட்ரியும் பிரிஸ்டலும் கவன்ட்ரியில் ஆடின. ஸண்டர்லாந்து எவர்டனில் ஆடியது. ஜனநெரிசல் என்று காரணம் சொல்லி, கவன்ட்ரி ஆட்டத்தைச் சில நிமிஷங்கள் தாமதமாகத் தொடங்கினார்கள். இரண்டு கோல் முன்னணியில் இருந்த கவன்ட்ரியைப் பிரிஸ்டல் எட்டிப் பிடித்துவிட்டது, 2-2. அந்த நேரத்தில் எவர்டனில் ஆட்டம் முடிந்து, ஸண்டர்லாந்து 0-2 என்று தோற்ற செய்தி வந்தது. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தப் பலகையில் செய்தி பிரகாசித்தது. போடச் சொன்னவர் ஹில். இனி சமமாக முடிந்தால் இரு கோஷ்டிகளும் பிழைத்துவிடும். மிச்சமிருந்த நிமிஷங்களில் பந்து இங்கும் அங்கும் சாவகாசமாய் உலாவிற்று. யாரும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. ஸண்டர்லாந்து கீழே போயிற்று. லீக் விசாரித்து ஹில்லைக் கண்டித்தது, முடிவை மாற்றவில்லை.

விதிப்படி ஒரு குற்றமும் இல்லை என்று வாதாடலாம். ஆனால் டெலிவிஷனில் அடுத்தவர்களின் நேர்மையை எடைபோட்டவர் அல்லவா? 2008-ல், முப்பத்தோரு வருஷம் கழித்து, எண்பதை நெருங்கிய கிழவராக ஃபுல்ஹாம் மைதானத்துக்கு ஆட்டம் பார்க்க வந்தார். எதிர்க்கோஷ்டி ஸண்டர்லாந்து. வந்திருந்த அபிமானிகள் கூச்சலிட்ட கூச்சலில் அவரைப் பாதுகாவலோடு வெளியே அழைத்துப் போகவேண்டியதாயிற்று. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் 1977-ல் பிறந்தேயிருக்கமாட்டார்கள். பகை பிதுரார்ஜிதமாய் இறங்கியிருந்தது.

ஜயித்தால் இரண்டுக்குப் பதிலாக மூன்று புள்ளி என்ற மாறுதல் 1981-ல் இங்கிலாந்தில் வந்ததற்கு முக்கிய காரணம் அவர்தான். சமமாக முடிந்தால் போதும் என்று பதுங்குகிறவனுக்கு ஆசை காட்டும் யுக்தி அது. 1994 உலகக் கோப்பையில் உலகமே அதை ஏற்றுக்கொண்டது. 2-2 போதும் என்று ஒரு மாலை முழுவதும் ஆனந்தப்பட்டவரின் மூளையில் உதித்த யோசனை என்பதுதான் ருசி. அதே 1981-ல் கவன்ட்ரி மைதானத்தில் நிற்கும் இடங்களை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் நாற்காலி போட்டார். இங்கிலாந்தில் அதுவே முதல். உட்கார்ந்திருப்பவன் ரகளை செய்யமாட்டான் என்பது அவர் கணக்கு. அந்தப் பருவத்திலேயே லீட்ஸிலிருந்து வந்த கூட்டம் நாற்காலிகளைப் பிடுங்கி வீசியது. ஜனங்கள் முணுமுணுத்தார்கள், கூட்டம் குறைந்தது. 1989-ல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி 97 உயிர்கள் போன பிறகு, நாற்காலி போடச் சொல்லி விசாரணைக் குழுவே சிபாரிசு செய்தது.

இன்னொரு அத்தியாயம் உண்டு. அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. 1982-ல் தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு கோஷ்டியைச் சேர்த்து அழைத்துப் போனார். நிறவெறி அரசாங்கத்தின் காரணமாக அந்த நாட்டை உலகக் கால்பந்து அமைப்பு 1976-லேயே வெளியேற்றியிருந்தது. கறுப்பு மக்களின் பெரிய கிளப்புகள் இவர்களோடு ஆட மறுத்தன. பயணம் பாதியில் முறிந்தது. நமக்கு இந்த விஷயத்தில் பேச யோக்கியதை உண்டு. 1974-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் பந்தயத்துக்கு இந்தியா போயிற்று. எதிரி தென்னாப்பிரிக்கா. சென்னைச் சகோதரர்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் உச்சத்தில் இருந்த சமயம். கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆடுவதில்லை என்று இந்தியா விட்டுக்கொடுத்தது. இருபது பவுன் அநீதியை அவ்வளவு கூர்மையாகப் பார்த்த கண், அங்கே எதைப் பார்த்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அமெரிக்காவில் கால்பந்து வளர்க்கப் போய், டிட்ராய்ட்டிலும் வாஷிங்டனிலும் பணத்தைத் தொலைத்தார்; கவன்ட்ரியின் பணமும் அதோடு போயிற்று. 1983-ல் கவன்ட்ரியைவிட்டு வெளியேறினார்.

1987-ல் பழைய கிளப்பிலிருந்து கூக்குரல் கேட்டது. ஈஸ்ட்ஹாமுக்குத் தக்கை வேலை கொடுத்தாரே எர்னி கிளே, அவரே பிற்பாடு ஃபுல்ஹாமின் சொந்தக்காரராகி, கிளப்பை ஒரு நிலவியாபாரக் கம்பெனிக்கு விற்றிருந்தார். தேம்ஸ் நதிக்கரையில் தங்கமான இடம். கம்பெனிக்கு மனை வேண்டும், கால்பந்து வேண்டாம். ஃபுல்ஹாமைப் பக்கத்துக் கிளப்பான குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸோடு இணைத்துவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். ஹில் ஆள் சேர்த்து, பணம் திரட்டி, கிளப்பை மீட்டுச் சேர்மனானார். மைதானம் கைக்கு வரவில்லை. கிளப்பின் பெயரும் உயிரும் வந்தன. பத்து வருஷம், கீழ் டிவிஷன்களில், கடனோடு மல்லுக்கட்டி அதை உயிரோடு வைத்திருந்து, 1997-ல் முகம்மது அல் ஃபாயெத் என்ற கோடீசுவரரிடம் ஒப்படைத்தார். அந்த முப்பது வருஷ அலைச்சலில் அவர் பாதியில் விட்டுவிட்டுப் போகாத காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

2011-ல் கவன்ட்ரியில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். மறதி நோய் அதற்குள் அவரைப் பிடித்திருந்தது. இருந்தும் திறப்பு விழாவுக்கு வந்திருந்தார். சிலை நிற்பது அவர் நாற்காலி போட்ட பழைய மைதானத்தில் அல்ல. அது விற்கப்பட்டு வீடுகளாகிவிட்டது. ஊருக்கு வெளியே கட்டிய புதிய அரங்கத்தின் வாசலில் நிற்கிறது. 2015 டிசம்பர் 19-ந் தேதி, 87-வது வயதில், அவர் காலமானார். அந்த வருஷம் இங்கிலாந்தின் முன்னணி ஆட்டக்காரர்கள் சிலர் வாங்கிய வாரச் சம்பளம் இரண்டு லட்சம் பவுனைத் தாண்டியிருந்தது.